ஐம்பதடி நிழல்

கற்றறிந்த பெரியோரே, செவிகளைத் தூய்மை செய்துகொண்டு கேளுங்கள். ஞாலம் தோன்றிய நாள்தொட்டு எவரும் வெளியிடத் துணியாத பேருண்மையொன்று இப்போது வெளியாகிறது. செபத்தால் நோய் தீர்க்கும் தேவ ஊழியரின் உயரம் ஐந்தடி. அவர்தம் நிழலின் நீளம் ஐம்பதடி.

எஞ்சிய நாற்பத்தைந்து அடியைப் படைத்தவன் விளக்குக்காரன். கதிரவன் சாய்ந்து, கூரைகளின்மேல் சாம்பல் தூவினாற்போல் இருள் இறங்கும் வேளையில், மேடைக்குப் பின்னே ஊழியரின் உச்சந்தலைக்கு அரைச்சாண் மேலாகப் பெருவிளக்கை நிறுத்துவான்; ஊழியர் கைவிரித்து நடக்க, திடலில் வரிசையாய்க் கிடத்தப்பட்ட நோயாளரின்மேல் அந்நிழல் கரிய ஆறெனத் தவழ்ந்து செல்லும். அந்த ஆற்றின் ஊற்றுக்கண்ணை அறிந்தவனாதலால், மூன்றாண்டுகளாகக் கால்கள் மரத்துக் கிடந்த தன் மனைவியை அவன் ஒருநாளும் அங்கே கொண்டுசென்றதில்லை. அன்று, தன்னை அங்கே கொண்டுபோகும்படி அவளே கேட்டாள்.

"அந்த நெழலு என் கைவேலைடி. அதப் போய் நம்புறியே!"

"உங்க வெளக்கையும் நம்பல, உங்க ஐயாவையும் நம்பல."

"அப்புறம் யாரத்தான் நம்புற?"

"அவரு யாரக் கூப்புடுறாரோ, அவர. பாத்துத் தூக்குங்க. உங்க இடுப்பும் போச்சுன்னா ரெண்டு கட்டிலு வேணும்."

நோயால் உடைக்க முடியாத அவள் நம்பிக்கையைத் தன் விளக்கே உடைத்துவிடுமோ என்று அஞ்சியபடியே, கடைசி வரிசையில் அவளைக் கிடத்திவிட்டு வந்து, ஒளியின் அளவு பார்ப்பதற்காக விளக்கை ஏற்றினான்.

மேடையில் எவருமில்லை. ஆயினும் நிழல் விழுந்தது.

காற்று நின்றது, கைக்குழந்தைகளும் அழுகையை விழுங்கின. கண்மூடிக் கிடந்த கூட்டம், "ஐயா வந்துட்டாரு!" என்று முணுமுணுத்தது. விளக்குக்காரன் மேடையின் வெறும் பலகைகளை இருமுறை உற்றுநோக்க, அந்நிழல் ஒவ்வொரு கட்டிலாகக் கடந்து, கடைசிக் கட்டிலருகே நின்று, குனிந்து, கையை நீட்டியது. உள்ளங்கையின் கருமை நடுவே நாவற்பழ அளவில் ஒளி ஒழுகி, அவள் முழங்காலில் விழுந்தது. போர்வை நழுவிற்று. பிறந்த கன்றென நடுங்கும் கால்களைத் தரையில் ஊன்றி, அவள் எழுந்து நின்றாள்.

அவன் ஓடிவந்து தாங்குமுன் நிழல் மறைந்தது.

"ஏங்க, உங்க ஐயா கையில என்ன ஓட்டை? வெளிச்சம் அதுவழியா வந்து முட்டியச் சுட்டுச்சே!"

அவன் மீண்டு சென்று விளக்கின் கண்ணாடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். கீறலும் இல்லை, துளையும் இல்லை. அப்போது ஊழியரின் உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யோவ், வெளக்க அணை! இன்னிக்குக் கூட்டம் கெடையாது. மத்தியானத்துலேர்ந்து ஐயாவுக்கு வயித்தால போகுது, ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. வெளியில மூச்சு விட்றாத."

மறுநாள் ஒட்டிய சுவரொட்டியில், அது ஐயாவின் நிழல் என்று அச்சிட்டிருந்தது.