பக்கத்து இருக்கையின் பிரேக்

தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பதுதான் கிருபை என்று எங்கள் போதகர் வாரம் தவறாமல் சொல்லுவார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், கிருபை பெற என் பெரியப்பாவைவிடத் தகுதியான ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பெரியப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். அவருக்கு வண்டி ஓட்ட வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் மாஸ்டர். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் பலர் இன்னும் உயிரோடு நடமாடுவது அந்த பிரேக்கினால்தான். மாஸ்டரும் அவர் மனைவியும் வண்டி ஷெட்டுக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும் என்பது ஏற்பாடு.

போன மாதம் ஆராதனை முடிந்து வண்டியைப் பின்னால் எடுத்த பெரியப்பா, ஆலயத்தின் இரும்பு கேட்டைத் தூணோடு பெயர்த்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையே புது கேட் போட்டுக்கொண்டது. அடுத்த ஞாயிறு பெரியப்பா சாட்சி சொன்னார்: "ஒருத்தருக்கும் சின்னக் கீறல் இல்ல! கிருபை!" கூட்டம் கண் கலங்கியது. கேட்டுக்கு மட்டும் யாரும் கலங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பல் டாக்டரம்மா ஓட்டப் பழகும்போது வண்டியின் பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் உரசி உடைந்தது. மாஸ்டர் பிரேக் போட்டார்தான். வண்டி நின்றது, கண்ணாடி நிற்கவில்லை. பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பு வாசித்தார்.

"திங்கக்கிழமை காலையில சாவியக் குடுத்துட்டு ரூமையும் காலி பண்ணிருங்க மாஸ்டர். அஜாக்கிரதைய நான் மன்னிக்கிறதில்ல."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வாசற்படி இறங்கினார். ஐம்பது தாண்டி, முதுகுவலிப் பட்டையும் கட்டியிருப்பவரை வேறு எந்த டிரைவிங் ஸ்கூல் எடுக்கும்?

பெரியம்மா தட்டில் சோற்றைப் போட்டபடி கேட்டார்: "நீங்க கேட்டையே பேத்தீங்களே?"

"அது கிருபைடி. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"இதுலயும்தான் யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"கண்ணாடி போச்சே!"

"அங்க கேட் போச்சே."

"கேட் சபையோடது. கண்ணாடி என்னோடது." இவ்வளவு சின்ன விஷயம் புரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்ட துக்கத்தோடு பெரியப்பா மோருக்குக் கை நீட்டினார். இறையியலில் இந்தப் பாகுபாட்டை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

எங்கள் சபையில் 'விசுவாச சாட்சி' என்று ஒரு வழக்கம் உண்டு. இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகவே எழுந்து நன்றி சொல்ல வேண்டும்; சபை ஆமென் சொல்லும்; அதன்பின் சந்தேகப்பட்டால் பாவம். ஆரம்பித்து வைத்தவர் பெரியப்பாவேதான். இரண்டாவது வண்டி கிடைத்ததற்கு அவர் முன்கூட்டியே நன்றி சொன்னார், பத்தே நாளில் வண்டி வந்தது. அதை முந்தின வாரமே புக் பண்ணியிருந்ததைச் சாட்சியில் சேர்க்க மறந்துவிட்டார். அதிலிருந்து பிறக்காத பேரனுக்கும் பார்க்காத மாப்பிள்ளைக்கும் ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். "மாப்பிள்ளை நிஜமா வருவானா பிரதர்?" என்று ஒரு தையல்கார அக்கா தயங்கியபோது, பெரியப்பா அவரை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தார்.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மாஸ்டர் எழுந்தார். சபை திரும்பிப் பார்த்தது. 'கிளட்ச்', 'கிளட்ச்சும்மா', 'ஐயோ கிளட்ச்' இவை தவிர அவர் வாயிலிருந்து நாங்கள் எதுவும் கேட்டதில்லை.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். இது விசுவாச சாட்சிங்க. என் கையில இருக்கும்போது வண்டிக் கண்ணாடி ஒடைஞ்சிருச்சு. திங்கக்கிழமை வேலையும் போகும், வீடும் போகும்னு இருந்துச்சு. ஆனா எங்க முதலாளி, கேட் விஷயத்துல இந்தச் சபை தனக்குக் காட்டுன கிருபைய நெனச்சுப் பாத்து, என்னை மன்னிச்சு, ரெண்டுலயும் வச்சிக்கிட்டாரு. நாளைக்குத்தான் நடக்கப்போகுது. நடந்துட்டதாவே நன்றி சொல்றேன்."

சபையில் முதல் ஆமென் எப்போதும் பெரியப்பாவுடையது. யார் என்ன சொன்னாலும், வாக்கியம் முடிகிற தொனி காதில் பட்டால் போதும், தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

"ஆமென்!" என்றார் பெரியப்பா.

பிறகுதான் விஷயம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. வாயை மூடினார், ஆமென் வெளியே போயிருந்தது. அதற்குள் மொத்தச் சபையும் கூரை அதிர ஆமென் சொன்னது. எல்லாரும் ஓய்ந்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் ஆமென் தனியாக, நிதானமாக, சுத்தமாகக் கேட்டது. போதகர் இறங்கி வந்து பெரியப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். பெரியப்பாவும் அழுதார். காரணம் வேறு.

வெளியே செருப்பு மாட்டும்போது பல்லைக் கடித்தபடி மாஸ்டரிடம் வந்தார். "ரொம்ப கெட்டிக்காரன்னு நெனப்போ? நாளைக்கு நான் பாட்டுக்கு..."

"பிரதர்!" பின்னாலிருந்து தையல்கார அக்கா குரல் கொடுத்தார். "ஆமென் சொன்ன பெறவு சந்தேகப்படலாமா? பாவமில்ல?"

அக்கா இதற்காகப் பல மாதம் காத்திருந்தவர் போலிருந்தார். சுற்றிலும் இருபது பேர் புன்னகையோடு நின்றார்கள். பெரியப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். திங்கட்கிழமை யாரும் சாவி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியப்பா சாட்சி சொன்னார். கண்ணாடி உடைந்த அன்று ராத்திரியே கர்த்தர் தன்னை எழுப்பி, "மகனே, மன்னி" என்றாராம். தனக்கு இப்படியொரு விசாலமான இருதயத்தைக் கொடுத்த கிருபையை வியந்து பாதியில் பேச்சு வராமல் நின்றார். அன்று ராத்திரி அவர் குறட்டையில் நாங்கள்தான் எழுந்து உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் ஆமென் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் பெரியப்பா பயிற்சி வண்டியில் ஏறினார். மாஸ்டர் பக்கத்து இருக்கையில், நானும் பெரியம்மாவும் பின்னால். பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே, வண்டியைப் பின்னால் எடுத்தார். புது கேட்டின் பச்சைப் பெயின்ட் பின்கண்ணாடி முழுக்க நிறைந்தது. பெரியம்மா என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

வண்டி சட்டென்று நின்றது. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பாட்டுப் புத்தகம் நுழையலாம், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா!" பெரியப்பா ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். "நான் பிரேக்கே மிதிக்கல! தானா நின்னுச்சு! கிருபை!"

"ஆமென்" என்றார் மாஸ்டர், மிதித்த காலை எடுக்காமல்.