துளையில்லாக் காதில் ஜிமிக்கி

"கொசு கடிச்ச மாதிரிதான்டி இருக்கும். வந்து உக்காரு, ஆசாரி காத்துக்கினு கீறாரு," என்றாள் வஜீஹா காலா. புஷ்ராவின் அம்மாவுக்கு அக்கா, அந்தத் தேனாம்பேட்டை வீட்டில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

மறுநாள் நிக்காஹ். மாமியார் வீட்டிலிருந்து வந்த ஜிமிக்கி தட்டில் மின்னியது. அதை மாட்டத்தான் மணப்பெண் புஷ்ராவின் காதில் துளையில்லை.

ஒரு காலத்தில் இருந்தது. குத்திய புண் ஆறிய பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போய், இரண்டு காதிலும் புளியங்கொட்டை போலத் திரண்டு நின்றது. அறுத்தெடுத்து, மாதக்கணக்கில் ஊசி போட்டு, இப்போதுதான் காது காதாக இருக்கிறது.

"கொசுக்கடி அடங்கிடும் காலா, என் தோலு அடங்காது. புண்ணு பட்டா தோலு தானா நூல் விட்டுப் பின்னி ஒட்டுப் போடும். மத்தவங்களுக்கு மூடினதும் நிறுத்திடும். எனக்கு நிறுத்தத் தெரியாம பின்னிக்கினே போவும். திரும்பக் குத்தினா இன்னும் பெருசா வரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"மூளிக்காதோட போய் உக்காந்தா மாமியாருக்கு டாக்டரம்மாவா வந்து பதில் சொல்லுவாங்க?"

"நான் சொல்லிக்கிறேன்."

"காதுக்குப் போட்ட ஊசிய இவ வாய்க்குப் போட்டிருக்கலாம்."

ஆசாரி ஊசியை எடுத்தார். புஷ்ரா இரு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். சட்டென்று அம்மாவின் மாட்டல் நினைவுக்கு வர, ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

"அண்ணே, குத்த வேணாம். இந்தச் சங்கிலிய முடியில மாட்டி, காதுக்கு மேல சுத்தி விட்டா, ஜிமிக்கி அதுலயே தொங்காதா?"

ஆசாரி யோசித்தார். ஊசியை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார்.

மறுநாள் ராஜா அண்ணாமலைபுரம் மண்டபத்தில் மாமியார் ஆஃப்ரீன் மணப்பெண்ணின் முக்காட்டை விலக்கினார். காதைத் தடவினார்.

"இன்னாம்மா, குத்தவே இல்லியா?"

"இல்ல மாமி. குத்தினா என் தோலுக்கு ஆவாது. இனிமேலும் குத்திக்க மாட்டேன்."

ஆஃப்ரீன் தன் முக்காட்டைச் சற்றே ஒதுக்கினார். நகையின் பாரத்தில் கிழிந்த காது இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"இது என் ஜிமிக்கிதான். போட முடியாமத்தான் உனக்கு அனுப்பினேன். எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பியா?"

புஷ்ரா வாயைத் திறக்குமுன் வஜீஹா காலா முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன சம்பந்தி, நம்ம ஆசாரிதான். நான்தானே அவர வீட்டுக்கே வரவழைச்சேன்."

மணப்பெண் அடக்கமாக உட்கார வேண்டும் என்பதையெல்லாம் மறந்து, புஷ்ரா ஜிமிக்கி ஆடச் சிரித்தாள்.