எந்தப் படத்துப் பாட்டு

ஹரிகிருஷ்ணனுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவன் போட்ட பாட்டு ஊர் ஒலிபெருக்கிக் குழாயில் ஒலிக்க வேண்டும். முடிந்ததும், ‘எழுதி இசையமைத்துப் பாடியவர் கோவில்பட்டி ஹரிகிருஷ்ணன்’ என்று யாராவது மைக்கில் சொல்ல வேண்டும். பெரிய ராஜ்ஜியமா கேட்டான்? அந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவு பாடு.

கல்யாண வீடு, கோயில் கொடைத் திருவிழா என்று மேடை மேடையாக அடுத்தவன் பாட்டுக்குக் கிடார் வாசித்து அலுத்துப்போய்த்தான் தொண்ணூற்றெட்டில் ‘எந்திரி’யைப் போட்டான். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். மதுரையில் ஒரு ஸ்டுடியோ. டிரம்ஸுக்குக் கூட்டாளி பேச்சிராஜா. பல்லவியில் நூறு பேர் சேர்ந்து கத்துவது போல இருக்க வேண்டும் என்று, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்களை உள்ளே இழுத்துவந்து, ‘எந்திரி, எந்திரி, ஏலே எந்திரி’ என்று தொண்டை கிழியக் கத்தவிட்டான். கேசட்டில் இரண்டு பக்கமும் அதே ஒரு பாட்டுதான்.

முதல் கேசட்டை மைக்செட் கடைக்காரர் சாமித்துரையிடம் கொண்டுபோனான். அவர் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார்.

“ஜோராத்தான் இருக்கு. எந்தப் படம்?”

“படம் இல்ல அண்ணாச்சி. நானே போட்டது.”

“ஏலே, படம் இல்லாம பாட்டு எப்படிலே வரும்? கல்யாண வீட்டுக்காரன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

கேசட் திரும்பி வந்தது. டீக்கடையில் அதே கேள்வி. சலூனிலும் அதே கேள்வி. படம் இல்லாமல் பிள்ளை பிறக்கிறது, படம் இல்லாமல் மிளகாய் காய்க்கிறது, பாட்டுக்கு மட்டும் படம் வேண்டுமாம்! பத்தாம் நாள் எட்டயபுரம் மினிபஸ் டிரைவரும் அதையே கேட்டபோது ஹரிகிருஷ்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

“‘முரட்டு மேகம்’. தீபாவளிக்கு வருது. ஹீரோ புதுமுகம்” என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான். டிரைவர் அந்த நிமிஷமே கேசட்டைச் செருகினான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது தீ. ஒரே மாதத்தில் ஹாக்கி மைதானத்தில் கோல் விழும்போதெல்லாம் கூட்டம் எழுந்து ‘எந்திரி’ பாடியது. சாமித்துரையே ஆள் அனுப்பி இரண்டு கேசட் வாங்கிக்கொண்டார்.

விளாத்திகுளம் கொடையில் அறிவிப்பாளர், “வரவிருக்கும் ‘முரட்டு மேகம்’ படத்திலிருந்து...” என்று ஆரம்பித்தார். அங்கே கிடார் வாசிக்க வந்திருந்த ஹரிகிருஷ்ணன் பொறுக்கமாட்டாமல் மைக்கைப் பிடுங்கினான்.

“படமும் இல்ல, கிடமும் இல்ல. இது நான் போட்ட பாட்டு!”

கூட்டம் சிரித்தது. “ஏலே, வந்த வேலையப் பாரு! ஒரிஜினல்காரன் குரல்ல பாதிகூட ஒனக்குக் கிடையாது!” என்றது ஒரு குரல்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. படம் வரவில்லை. வராத படத்துக்கு ஊரே காரணம் கண்டுபிடித்தது: ஹீரோ பையன் விபத்தில் செத்துப்போனானாம், தயாரிப்பாளர் கட்டின வேட்டியோடு ஓடிப்போனாராம். ஓட்டப்பிடாரத்தில் ஒரு சடங்கு வீட்டில் ‘எந்திரி’ ஓடிக்கொண்டிருந்தபோது பந்தல் சரிந்தது. காற்றடித்தால் பந்தல் சரியாதா? ராசி கெட்ட பாட்டு என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதற்கப்புறம் எவனும் போடவில்லை.

அந்த ஓட்டப்பிடாரத்திலேயே அவனுக்குப் பெண் அமைந்தது. பெயர் முத்துசெல்வி. பார்க்கப் போன அன்று, இரண்டு நிமிஷத் தனிமையில், “‘எந்திரி’ நான் போட்ட பாட்டு” என்றான்.

“தெரியும். வாசல்ல நீங்க பேசும்போதே குரலக் கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள் அவள்.

நம்பிய முதல் ஆள்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளை உட்காரவைத்து, கல்யாணப் பந்தலிலேயே அந்தப் பாட்டைப் போட்டுப் பெயரைச் சொல்ல வைக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முடிவுகட்டினான். சாமித்துரையும், “கல்யாணத்தன்னைக்குப் போடுதேன், பேரையும் சொல்லுதேன், போதுமா?” என்று ஒத்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் குழாயில் டிரம்ஸ் அதிர்ந்தது. பல்லவி வருவதற்குள் மாமனார் சங்கரபாண்டியன் வேட்டி தடுக்க ஓடிவந்தார்.

“நிறுத்துங்கய்யா! செத்தவன் பாட்டக் கல்யாண வீட்டுல போடுதீகளே!”

பாட்டு நின்றது. அவர் மணவறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். இதப் பாடிப் போட்டதே நீங்கதான்னு எங்க ஊர்ல ஒருத்தன் சொல்லுதான். நெசமா? நெசம்னா அந்தப் பீடை எம்மகளயும்லா புடிக்கும்?”

ஊரே நம்பாததை ஒரு மனிதர் நம்பத் தயாராக நிற்கிறார், நேரத்தைப் பாருங்கள்! படமே கிடையாது, நான் சொன்ன பொய் என்று சொல்லலாம். பொய்யன் என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டால்? மேளக்காரர்களிலிருந்து சமையல்காரர் வரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எவன் போட்ட பாட்டோ மாமா” என்றான். “எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“அதான பாத்தேன்!” என்று மாமனார் முகம் மலர்ந்து போனார். சாமித்துரை கேசட்டை உருவிவிட்டு ஒரு சாமி பாட்டைப் போட்டார்.

மணவறையை ஒட்டிய அறை வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற முத்துசெல்வியை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். குனிந்த தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி அவள் கேட்டாள்:

“நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னையும் இப்படித்தான் சொல்லுவியளோ?”