ஒரே பூச்சு

“ஆறு மணி நேரமா மெஷின் ஓடுது. எத்தனை அடுக்கு போட்டிருக்கே?”

“ஒண்ணு சார்” என்றாள் பூச்சுக்காரி.

மேற்பார்வையாளருக்குத் தொழிற்சாலையில் ‘பட்டியல்’ என்று பேர். தாளில் எழுதாவிட்டால் தன் தலை கழுத்தில் இருப்பதையே நம்பாத மனுஷன். லேசர் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கிற கண்ணாடியில் ஒரு அடுக்கு பூசி, மெஷினை நிறுத்தி, தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த அடுக்கு. நாற்பது அடுக்கு, நாற்பது டிக். அதுதான் வழக்கம். இன்றைக்கு அவள் தாள் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் இரண்டு கிண்ணங்களில் இரண்டு பொருள்கள் ஆவியாகிக்கொண்டிருந்தன. ஒன்றைத் துளித்துளியாகக் குறைத்து மற்றதைத் துளித்துளியாகக் கூட்டி, ஒளி வளைகிற அளவு எங்கேயும் சட்டென்று மாறாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே பூச்சு. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு விளிம்பு விழுந்துவிடும்.

அப்படி ஒரு விளிம்பில்தான் போன மாதம் பூச்சு உரிந்தது. லேசர் வெல்டிங் செய்கிற நாத்தனார் போட்டிருந்த கண்ணாடி. பூசியது இவள் கை. நாற்பது டிக்கும் ஒழுங்காகத்தான் இருந்தன. இப்போது நாத்தனாருக்கு இடது கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. “உங்க மூக்கு மட்டும் தெரியல அண்ணி, பரவால்ல, பெரிய நஷ்டமில்ல” என்று சிரிக்கிறாள், பாவி. திங்கட்கிழமை மீதிக் கண்ணோடு மறுபடி வேலைக்கு வருகிறாள். அவள் போடப்போகிற கண்ணாடிதான் இப்போது பெட்டிக்குள் இருப்பது.

“நாப்பதாப் பிரிச்சு எழுது. இல்ல, மெஷினை நிறுத்து” என்றார் பட்டியல்.

“போன தடவ நாப்பதும் எழுதினேனே சார். கண்ணு போச்சே.”

பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து நாற்பதாவது வரிவரை சாய்வாக ஒரே கோடு இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டாள்.

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“போகட்டும். மூணு மணி நேரம் கழிச்சுப் போகட்டும்.”

அவர் முதலாளியைக் கூட்டிவரப் போனார். பயமில்லை என்றால் பொய். இரும்பு ஸ்டூலை இழுத்து, சுவிட்சுப் பெட்டியை முதுகால் மறைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. “கொஞ்சம் எந்திரிம்மா” என்று தணிவாகச் சொன்னார். நல்லவர்கள் சொன்னால் எழுந்துவிடுவது அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். அவள் எழவில்லை. பூச்சுப் பெட்டியின் சின்ன ஜன்னலைக் கைகாட்டினாள்.

“உள்ள பாருங்க சார். ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க. அந்த நிமிஷமே நிறுத்திடறேன்.”

முதலாளி குனிந்தார். உள்ளே ஒரு கிண்ணத்தின் வெளிச்சம் தணிந்துகொண்டிருந்தது, மற்றது ஏறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தபடியே இருந்தார்.