கொலுவுக்கு அடியில் பன்னிரண்டு பெட்டிகள்

மாரிராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டு வாசலில் நின்றான். காலை ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். மணி மூன்று.

“அந்த நீலப் பெட்டி பன்னெண்டும் இன்னைக்கே கம்பெனிக்குள்ள போயிரணும்” என்றான் மனைவியிடம்.

வேல்விழி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

நாளைக் காலை ஸ்டோரில் காலிப் பெட்டிகளை எண்ணப் போகிறார்களாம். உதிரி பாகங்களை அடுக்கி அனுப்பும் நீல நிற பிளாஸ்டிக் பெட்டிகள். மாரிராஜின் கணக்கில் ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் நம்பர் உண்டு. அவனோ கான்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகப்போகும் ஏழு பேரில் அவன் பெயரும் இருந்தது. ஒரு பெட்டி குறைந்தாலும் பட்டியலிலிருந்து பெயர் போகும். பெயரோடு வேலையும் போகும். போன வருடம் கை நிறைய நட்டுகளைப் பையில் போட்டுக்கொண்ட ஒருவனைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வெளியே அனுப்பியவர்கள் அவர்கள்.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் வீட்டுக்கார வைதேஹி மாமியின் கூடத்தில் கொலுப்படியாக நின்றுகொண்டிருந்தன.

யோசனை வேல்விழியுடையது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்த இரண்டு வருடத்தில், வாரப் பத்திரிகைகளில் வரும் வீட்டுக் குறிப்புகளை வெட்டி ஒட்டி ஒரு தடித்த நோட்டையே நிரப்பியிருந்தாள். குக்கர் அடிப்பிடித்தாலும் பட்டுப்புடவையில் எண்ணெய் கொட்டினாலும், உன் நோட்டில் இதற்கு என்ன போட்டிருக்கிறது என்று மாமி முதலில் அவளைத்தான் கேட்பாள். மகாளய அமாவாசைக்கு முதல் நாள், பரணிலிருந்து இறக்கிய பழைய கொலுப்படி கரையான் அரித்துக் கையோடு வந்தபோதும் அப்படித்தான் கேட்டாள். பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே பலகை போட்டால் படியாகிவிடும் என்று வேல்விழி சொன்னாள். முதல் படிக்குப் பக்கத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டிரண்டு, மூன்றாவதுக்கு மும்மூன்று. ஆணி வேண்டாம், ஆசாரி வேண்டாம்.

கழுவ அனுப்பிய பெட்டிகளில் பன்னிரண்டை மாரிராஜ் வேனிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தான். தப்பு என்றே தோன்றவில்லை. ஸ்டோரில் உட்கார்வது காலிப் பெட்டியின் மேல், சாப்பிடுவது காலிப் பெட்டியின் மேல். பத்து நாளில் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தான்.

“மாமிகிட்ட எப்படிச் சொல்ல?” என்றாள் வேல்விழி.

சொன்னார்கள். மாமி முழுவதும் கேட்டாள். பிறகு கொலுவைத் திரும்பிப் பார்த்தாள். மேல் படி நடுவில், நிறையத் தண்ணீரும் மாவிலையும் தேங்காயுமாகக் கலசம். அதன் இரு பக்கமும் மரப்பாச்சிகள்.

“கலசம் வச்சாச்சு. விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைக்கற வரைக்கும் படியை அசைக்கப்படாது. எங்காத்துல ஒரு தடவைகூட அசைச்சதில்லை.”

மாரிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மாமி அவனுடைய யூனிபார்ம் சட்டையைப் பார்த்தாள்.

“அசையாம எடுக்க முடியுமா?” என்று மாமி வேல்விழியைக் கேட்டாள்.

நோட்டில் இதற்குக் குறிப்பு இல்லை. வேல்விழி ஒரு ஸ்கேலை எடுத்து வந்து, படிகளைப் போர்த்தியிருந்த வேட்டியைத் தூக்கிப் பெட்டியின் உயரத்தை அளந்தாள். ஒன்பது அங்குலம். கொல்லையில் மதில் கட்டி மிஞ்சிய செங்கல் கிடந்தது. ஒன்று மூன்று அங்குலம். ஒரு பெட்டிக்கு மூன்று வரிசை. பலகையை அரை அங்குலம் தூக்கிப் பிடித்தால் போதும். பெட்டியை உருவிக்கொண்டு செங்கல்லை அடுக்கிவிடலாம்.

“எதை வச்சுத் தூக்க?” என்றான் மாரிராஜ். கேட்டுவிட்டு அவனே தெருவில் இறங்கி ஓடினான்.

பெட்டிகளைக் கழுவ ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் வேன் கோதண்டராமனுடையது. பஸ் ஸ்டாண்டு அருகே நிற்கும்; ஐந்து மணிக்கு ஒரகடத்துக்குக் கிளம்பும். மாரிராஜ் விஷயத்தைச் சொல்லி ஜாக்கியைக் கேட்டபோது கோதண்டராமன் சிரித்தான்.

“வண்டிய தூக்கும். சாமிய தூக்க சொல்றியே, இன்னா ஆவுமோ! அஞ்சு மணிக்கு வூட்டாண்ட வரேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். கேட்டுல டைம் எழுதுறான்.”

மூன்றே முக்காலுக்கு வேலை தொடங்கியது. ஐந்தரைக்குத் தெருப் பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வருவார்கள். அவர்களை வாசலில் நிறுத்த முடியாது. மாமியின் கணவர் திருநாராயணன் கோயில் கைங்கரியத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்ப ஆறாகும். மாமி மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கலசத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தேங்காயின் குடுமி அசைந்தால் சொல்வது அவள் பொறுப்பு.

முதல் படி சுலபமாக முடிந்தது. ஜாக்கியை ஒரு திருகு, பெட்டி வெளியே, செங்கல் உள்ளே. பழைய செங்கல் தேய்ந்திருந்ததால் பலகைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. வேல்விழி செய்தித்தாளை மடித்துச் செருகினாள். இரண்டாவது படியில் செட்டியார் பொம்மை ஒரு முறை தலையை ஆட்டி நின்றது. பலசரக்குக் கடை பருப்பில் கொஞ்சம் சிந்தியது. நாலேகாலுக்கு அது முடிந்தது.

நாலரைக்கு அடுத்த தெரு மீனம்மாள் முன்னதாகவே வந்து கதவைத் தட்டினாள். மாமி எழுந்திருக்கவில்லை. நைவேத்தியம் ஆகவில்லை, அப்புறம் வா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

மேல் படியின் இடப்பக்கம் முடிந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். கடைசியாக வலப்பக்கம் மூன்று பெட்டிகள். செங்கல் அடுக்கின் மேல் ஜாக்கியை வைத்துத் திருகினான் மாரிராஜ். பலகை எழும்பியது. வேல்விழி முதல் பெட்டியை உருவினாள். இரண்டாவதையும் உருவினாள். மூன்றாவதில் கை வைத்தபோது ஜாக்கியின் அடியிலிருந்த செங்கல் ஒன்று நொறுங்கியது. ஜாக்கி சாய்ந்தது.

மாரிராஜ் தோளைக் கொடுத்துவிட்டான். முட்டி போட்டபடி பலகையின் முனையைத் தோளில் வாங்கியிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“எடு” என்றான்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. வேல்விழி பெட்டியை இழுத்துத் தள்ளிவிட்டுச் செங்கல்லை அடுக்கினாள். இரண்டிரண்டாக ஒன்பது வரிசை. விரல் கடை அளவு இடைவெளி நின்றது. செய்தித்தாள் தீர்ந்துவிட்டது. மறுபடி ஹாரன். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலில் அவளுடைய நோட்டு இருந்தது. எடுத்துச் செருகினாள். கச்சிதமாகப் பிடித்தது. மாரிராஜ் மெல்லத் தோளை எடுத்தான்.

தேங்காயின் குடுமி ஒரு தரம் ஆடி அடங்கியது. மூவருமே அதைப் பார்த்தார்கள்.

“ஃபேன் காத்து” என்றாள் மாமி. ஃபேன் ஓடவில்லை.

பன்னிரண்டு பெட்டிகளையும் வேனில் ஏற்றினார்கள். ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. மாரிராஜ் படியில் உட்கார்ந்து அரைச் செம்பு தண்ணீர் குடித்தான். வேல்விழி செங்கல் தூளைக் கூட்டி அள்ளி, தண்ணீரில் குழைத்து, கொலுவின் முன் போட்ட கோலத்துக்குக் காவிக் கரை இழுத்தாள். இனி யாரும் தரை ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

கரையை முடித்துக் கையைக் கழுவப் போனவள், உள்ளங்கையைப் பார்த்து நின்றுவிட்டாள். செங்கல் தூளுக்கு நடுவில் வேறொரு சிவப்பு. முகர்ந்து பார்த்தாள். சந்தன வாசனை.

“மாமி, பெட்டியில ஏதும் பூசினீங்களா?”

மாமியின் முகம் மாறியது. “படியாச்சேன்னு ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். அப்புறம்தான் வேட்டியைப் போர்த்தினேன்.”

வேன் இந்நேரம் கேட்டுக்குள் போயிருக்கும். மாரிராஜ் எழுந்து நின்றான்; ஷிப்ட் இல்லாத நேரத்தில் அவனைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். காலை ஷிப்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் துடைத்துவிடுகிறேன் என்றான். எண்ணுவது பத்து மணிக்குத்தானே. தூங்கியதாகப் பெயர் பண்ணிவிட்டு நாலரைக்கே கிளம்பிப் போனான்.

மறுநாள் வேல்விழி சோறு வடிக்கவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வேலையை விட்டு அனுப்பியிருந்தால் மதியத்துக்குள் வந்திருப்பான். பன்னிரண்டு வரை வரவில்லை. விசாரணைக்கு உட்கார வைத்திருந்தாலும் வரமாட்டான். மாமி இரண்டு முறை பின்கட்டுக்கு வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்று மணிக்கு வந்தான். மணிக்கட்டு வரை இரண்டு கையும் சிவப்பு.

அவன் போவதற்கு முன்பே சூப்பர்வைசர் ரகுபதி ரேக்கின் முன்னால் நின்றாராம். பொட்டு வைத்த பன்னிரண்டு பெட்டிகளும் மேல் தட்டில் வரிசையாக இருந்தன. யார் வைத்தது என்று கேட்டார். மாரிராஜ், நான்தான் என்று மட்டும் சொன்னான்.

“‘ஆயுத பூஜைக்கு இன்னும் அஞ்சு நாள் கீது, அதுக்குள்ள இன்னாடா அவசரம்’னாரு” என்றான் மாரிராஜ். “அப்புறம் ரேக்கைப் பாத்தாரு. ‘பன்னெண்டுக்கு வச்சியே, மீதி நாப்பது இன்னா பாவம் பண்ணிச்சு?’ன்னு கேட்டாரு. அவரே கேன்டீன்ல இருந்து குங்குமம் வாங்கியாரச் சொன்னாரு. நாப்பதுக்கும் வச்சேன். அதுக்கப்புறம் எண்ணினாங்க.”

“எத்தனை?”

“அம்பத்திரண்டு.”

வேல்விழி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். எவ்வளவு தேய்த்தும் அவன் கையில் சிவப்பு போகவில்லை. இதற்கு என்ன போடலாம் என்று நோட்டில் எங்கோ ஒட்டியிருந்தாள். அது விஜயதசமி வரைக்கும் கிடைக்காது.