பத்து மணிச் சங்கு

சட்டைக்குக் காலர் தைக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கண்ணுகளா. மனசு கனத்துப்போனால் நடுவில் எழுந்து போய்விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவளுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. தையல் ஆலையின் பின்பக்கத்திலேயே பிள்ளைகள் காப்பகம். காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் ஆலைச் சங்கு ஊதும். மற்றவர்களுக்கு அது டீ வேளை; பால் கொடுக்கிற தாய்மாருக்குப் பிள்ளையிடம் போய்வரக் கால்மணி நேரம். நூலை அறுத்துவிட்டு ஓடுவாள். குழந்தை வாய் வைக்கும், பால் இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த வரிசை மாறிப்போயிற்று. சங்கு ஊதியதுமே, அவள் இருக்கையை விட்டு எழுவதற்குள், மார்பு குறுகுறுத்துப் பால் வந்துவிடும்.

அடுத்த மிஷினில் பொத்தான் துளை தைப்பவளை எல்லோரும் பட்டனக்கா என்பார்கள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, சங்கு உன் பொண்ணுக்கா, உனக்கா? அது அங்க தூங்குது, நீ இங்க நனையுற."

"போங்கக்கா, உங்களுக்கு எல்லாமே கேலிதான்."

ஒரு வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை இல்லை.

பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. குழந்தையின் துணி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் புருஷன் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். கண்ணில் படாமல் இருந்தால் அவளுக்குத் தேவலை என்று அவன் நினைப்பு. பாவம், அவனுக்கு வேறென்ன தெரியும்?

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. பால் வந்தது.

பட்டனக்கா தன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். கையைப் பிடித்து ஆலையின் முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் வயதில் சின்னவள், நல்ல மாதிரி.

"சங்கு கேட்டா குழந்தை வரும்னு உங்க உடம்பு கத்துக்கிட்டிருக்குக்கா. இனிமே சங்கு மட்டுந்தான் ஊதும். நாள் போகப்போக உடம்பு தானா மறந்துடும். பிழிஞ்சு விடாம இருங்க, சீக்கிரம் நின்னுடும்."

"மறக்காம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

நர்ஸ் பட்டனக்காவைப் பார்த்தாள். பட்டனக்கா தரையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சங்குக்கும் அவள் கழிவறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கையால் பிழிந்துவிட்டு வந்தாள். அந்தக் குழந்தையை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது உலகத்தில் அந்தப் பால் ஒன்றுதான். அதையும் விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

"ஏன் இப்படி உன்னையே வதைக்கிற?" என்றான் புருஷன்.

"மத்ததெல்லாம் குடுத்துட்டீங்க. இத யாருக்குக் குடுக்கப்போறீங்க?"

அவன் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

ஆனால் கை குழந்தையாகுமா, கண்ணுகளா? உள்ளங்கை நிறைய வந்தது பத்துச் சொட்டாயிற்று, பிறகு இரண்டாயிற்று. ஒருநாள் அவள் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள்.

"டீ குடிக்க வரலையா? சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு" என்றாள் பட்டனக்கா.

அவளுக்குச் சங்கு கேட்கவே இல்லை. ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

நேரே நர்ஸிடம் போனாள்.

"அடியோட போயிடுச்சா?"

நர்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்ச நாள் சங்கு கேக்காம இருந்து, மறுபடி கேட்டா, மறந்தது ஒரு தடவ எட்டிப்பாக்கலாம். அது நிலைக்காதுக்கா."

அடுத்த வாரம் பாய்லர் பழுதாகி ஆலைக்கு நான்கு நாள் விடுமுறை. ஐந்தாம் நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைக் காலர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. குறுகுறுத்தது. ரவிக்கையில் பொட்டளவு ஈரம்.

பட்டனக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் காலரின் உள்துணியை அந்த ஈரத்தின்மேல் ஒற்றி, உட்புறமாக மடித்து, சுற்றிலும் தையல் போட்டாள். பட்டனக்கா அதை வாங்கிப் பொத்தான் துளை தைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளினாள். மாலையில் அது சட்டையாகிப் பெட்டிக்குள் போயிற்று. எவனோ வாங்குவான். அந்தப் பால் தடம் முதல் துவைப்பில் போய்விடும்.

மறுநாள் பத்து மணிக்குச் சங்கு ஊதியது. அவள் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள்.