சோளவயலில் பனிவாத்து

உருத்திரமூர்த்தி அதுவரைக்கும் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அதே நகரில் கோட்-டெ-நேஜ் பகுதியில் மனைவி அஜந்தாவோடு சின்னதொரு அப்பார்ட்மெண்ட். அவனை வேட்டைக்கு இழுத்தவர் அதே கிடங்கில் வேலை செய்த கிறிஸ்தோப்பர். மன்னார்க்காரர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். துவக்குக்கு முறையாக லைசென்ஸ் எடுத்து, பனி கரைந்தால் ஒரு சனிக்கிழமை தவறாமல் பனிவாத்து சுடப் போகிறவர்.

"சும்மா வந்து பாரன். சுடுறது நான். நீ பொறுக்கினால் போதும்," என்றார்.

2005 ஏப்ரல் கடைசி. ஆற்றுக்கு அக்கரை லொங்கேயைத் தாண்டி ஒன்றரை மணித்தியாலம் ஓடிப்போய், வெளிச்சம் வருமுன்னமே ஒரு சோளவயலில் படுத்துவிட்டார்கள். போன வருடத்துத் தாள்கட்டைகள் முதுகில் குத்தின. சுற்றிவர வெள்ளைப் பிளாஸ்டிக் வாத்துகள். நடுவில் ஒரு ஸ்பீக்கர் வாத்துப்போலக் கத்திக்கொண்டிருந்தது.

"அமெரிக்காவில இருந்து வாறதுகள்," கிறிஸ்தோப்பர் காதோடு சொன்னார். "இஞ்ச வயலுகளில திண்டு கொழுத்துத்தான் வடக்கே ஐஸ் கடலடிக்குப் போகுங்கள். அங்கதான் முட்டை. அங்க நரி காத்திருக்கும். இஞ்ச நான்."

ஆற்றுப் பக்கம் வானம் இரைந்தது. ஆயிரக்கணக்கில் வந்தன. சிறகு நுனி மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. வட்டமடித்து, காலை நீட்டி, முகத்துக்கு நேரே இறங்கின. கிறிஸ்தோப்பர் எழும்பிச் சுட்டார். ஒன்று கழுத்து மடிந்து கல்லுப்போல விழுந்தது. இன்னொன்று நெஞ்சு பிளந்து மூர்த்தியின் காலடியில் வந்து மோத, சூடான இரத்தம் அவன் கன்னத்தில் தெறித்தது. அவன் பயப்படவில்லை. "அங்க, அண்ணை! அங்க!" என்று கூவிக்கொண்டு குதித்தான். அந்தச் சந்தோசத்தை நினைக்கப் பிறகு அவனுக்கே கூச்சமாக இருந்தது.

எட்டு மணிக்குள் சட்டம் விட்ட அளவு முடிந்துவிட்டது. கிறிஸ்தோப்பர் நிறுத்தவில்லை. "ஆர் எண்ணப் போறான்?" என்று திரும்பத் திரும்பத் தோட்டா போட்டார். உயிரோடு துடித்தவற்றைக் கழுத்தில் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி எறிந்தார்.

சிறகு முறிந்த ஒன்று வாய்க்கால் பக்கம் ஓடியது. அதன் சோடி மேலே பறந்து போகாமல், தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது.

"பிடி அதை!"

மூர்த்தி சேற்றில் ஓடினான். வாய்க்காலை அடைய நாலு எட்டுத்தான் இருக்கும். அதற்குள் வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு கொயோட்டி வாத்தின் மேலே பாய்ந்தது. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது. அதை முதுகில் கவ்வி உலுக்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் மூர்த்திக்குக் கேட்டது. உடனே சோடி இறங்கிக் கொயோட்டியின் முகத்தில் சிறகால் அடித்தது, கண்ணில் கொத்தியது. கொயோட்டி முதல் வாத்தை விட்டுவிட்டு இதன் தொண்டையைப் பிடித்தது. இரண்டும் கட்டிப் புரண்டன. வெள்ளை இறகு சிவந்துகொண்டே போனது.

"விடு! விடடா!" மூர்த்தி மண்கட்டியைத் தூக்கி எறிந்தான்.

பின்னாலிருந்து வெடி கேட்டது. கிறிஸ்தோப்பர் கொயோட்டிக்கு வைத்த வெடி. மூர்த்தியின் இடது தொடையில் யாரோ ஆணிகளை வாரி அறைந்தது மாதிரி இருந்தது. முகம் குப்புற விழுந்தான். கொயோட்டி செத்த வாத்தை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"ஐயோ, மாதாவே!" கிறிஸ்தோப்பர் ஓடி வந்தார். காலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "பயப்பிடாதை, சின்னக் குண்டுதான். இதால இறுக்கிப் பிடி," என்று தன் சால்வையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

காரைக் கொண்டுவரப் போகிறார் என்று மூர்த்தி நினைத்தான். போகவில்லை. கணக்குக்கு மேலே சுட்ட வாத்துகளைக் கைக்கு நாலாக வாரி, வாய்க்காலுக்குள் போட்டு, காய்ந்த நாணலால் மூடினார். திரும்பி வந்து இன்னும் எட்டு. சால்வை நனைந்து மூர்த்தியின் விரலிடுக்கால் இரத்தம் வழிந்தது.

"அண்ணை... என்னைத் தூக்குங்கோ."

"இந்தா வாறன். ஒரு நிமிசம்."

அவன் கண் இருண்டு வரும்வரைக்கும் அந்த நிமிசம் முடியவில்லை.

காரில் வரும்போது கிறிஸ்தோப்பர் அழுதார். அழுதுகொண்டே, "தடக்கி விழேக்க துவக்கு தானா வெடிச்சதெண்டு சொல்லு. வாத்துக் கதை எடாதை," என்றார்.

ஆஸ்பத்திரியில், அந்த ஒரே வெடியில் சிதறிய சின்னக் குண்டுகளில் பதினொன்றை எடுத்தார்கள். இரண்டு எலும்போடு ஒட்டி உள்ளே நின்றுவிட்டன. மறுநாள் பொலிசும் வேட்டை அதிகாரி ஒருவரும் வந்தார்கள். அஜந்தா கட்டிலருகே நின்று பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். மூர்த்தி ஒன்றையும் மறைக்கவில்லை. வாய்க்கால், நாணல், தான் கூவிக் குதித்தது எல்லாவற்றையும் சொன்னான்.

கிறிஸ்தோப்பரின் துவக்கும் லைசென்ஸும் போயின. ஒரு மாதம் கழித்து, மூர்த்தி தடி ஊன்றி வேலைக்குப் போன முதல் நாள், அவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"வேணுமெண்டோ சுட்டனான்? ஏனடா சொன்னனீ?"

"சுட்டதுக்காக இல்லை, அண்ணை," என்றான் மூர்த்தி. "நான் அங்க கிடக்கேக்க நீங்கள் எத்தனை தரம் வாய்க்காலுக்குப் போய் வந்தனீங்கள்? நான் எண்ணிக்கொண்டு கிடந்தனான்."

கிறிஸ்தோப்பர் தலை குனிந்துகொண்டு உள்ளே போனார். அடுத்த கிழமையே பின்னேர ஷிஃப்டுக்கு மாறிவிட்டார்.